சிவப்புத் தாளுக்கு என் மார்க்

சிவப்புத் தாளை இப்போதுதான் பிரித்தேன். பாலும் சர்க்கரையும் வறுத்த கொட்டையும் கலந்த அந்த வாசம் சாப்பாட்டு மேசையைச் சுற்றியே நிற்கிறது. காலையில் நம் புளோக்கின் கீழே இருக்கும் மினி மார்க்கெட்டில் இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு. மற்றது உனக்கு. உன்னுடையதைப் பிரிக்கவில்லை. எறும்பு வராமலிருக்க ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் வைத்திருக்கிறேன்.

நாளை உனக்கு வருஷத் திதி. போன வாரம் மல்லிகா போன் செய்தாள். சிம்பாங் அம்பாட்டிலிருந்து உன் தம்பி வருகிறானாம். படையலில் கறுப்பு பீர் ஒரு போத்தல் வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். அவனைக் குறை சொல்ல முடியாது. இங்கே எல்லார் வீட்டுப் படையலிலும் அதுதானே வழக்கம். செத்தவன் உயிரோடு இருந்தபோது எதை ஆசையாகத் தொட்டானோ அது இலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

"அவரே வேணாம்னு விட்டத நான் எப்படிண்ணே வைப்பேன்?" என்று கேட்டாள் உன் மனைவி. "நீங்க ஒரு சாக்லட் வாங்கிட்டு வாங்க. எதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

ஆமாம், எனக்குத்தான் தெரியும். நீ பத்துக்கு ஒன்பதரை மார்க் போட்ட நீலத் தாள் கடலை சாக்லேட் கண் முன்னாலேயே அடுக்கியிருந்தது. என் கை அதைத் தாண்டிப் போய்ச் சிவப்புத் தாளை எடுத்தது. நாம் கம்பெனிக்கே கடுதாசி எழுதி, கடைசியில் இருவரும் பூஜ்யம் போட்ட சாக்லேட் அது. அதை ஏன் எடுத்தேன் என்று உன்னிடம் ஒப்புக்கொள்ளாமல் நாளை உன் படத்துக்கு முன்னால் நிற்க எனக்குத் திராணி இல்லை. உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே பொய்தான், பல தடவை சொன்னேன்.

நாம் சாக்லேட் தின்ன ஆரம்பித்ததே ஒரு வெட்கக்கேட்டில்தான். நிபோங் திபாலில் உன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்துக்குப் பின்னால் நின்று இரண்டு பேரும் மூக்கு முட்டக் குடித்தோம். சம்பந்தி வீட்டாரை வழியனுப்புகிறேன் என்று கைகூப்பிக்கொண்டே போய் நீ லோங்காங்கில் விழுந்தாய். உன்னைத் தூக்க வந்த நானும் அதே சாக்கடையில் விழுந்தேன். உன் மகள் திட்டவில்லை, அழவும் இல்லை. குழாயடியில் உட்கார்ந்து உன் சட்டையை அலசிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் என் கதவைத் தட்டி, "இனிமே இல்லடா" என்றாய். நானும் தலையாட்டினேன்.

சொல்வது சுலபம். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வந்தபோது கைக்கும் வேலை இல்லை, வாய்க்கும் வேலை இல்லை. புளோக்கின் கீழே அந்தக் கல் மேசையில் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தேன். நீ ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும் வழியில் இரண்டு சாக்லேட் வாங்கி வந்து மேசைமேல் போட்டாய். ஒன்றைத் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தாய். "மெழுகுடா இது. எங்க எஸ்டேட்டு செம்பனை எண்ணெய எங்கிட்டயே வித்துட்டானுங்க" என்றாய். நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னாய். தடவினேன். ஏதோ ஒட்டியிருந்த மாதிரிதான் இருந்தது. நீ சொன்ன பிறகு எனக்கு எப்போதும் எல்லாமே இருந்த மாதிரிதான் இருக்கும்.

அப்படியே அது நம் சனிக்கிழமைத் தொழிலாகிவிட்டது. எத்தனை சட்டம் போட்டாய்! கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடிய சாதாரண சாக்லேட் மட்டும்தான், பரிசுப் பெட்டியில் வருவது கூடாது. பெயர் சொல்லக் கூடாது, தாளின் நிறம்தான் பெயர். முதலில் வெந்நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவே கோப்பி ஓ கோசோங், சர்க்கரை போடாத கறுப்புக் கோப்பி, ஒரு மிடறு. கடிக்கக் கூடாது, அண்ணத்தில் அழுத்திக் கரைய விட வேண்டும். கடைக்காரன் வெயிலில் போட்டு வெள்ளை பூத்திருந்தால் ஒரு மார்க் கழிவு. உன் விரலில் கிரீஸ் வாசம் ஒட்டியிருக்கும் என்பதால் நீ பல்குச்சியால் குத்தித்தான் எடுப்பாய். மல்லிகா மேலே நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்து, "பச்சப்புள்ளைங்க கெட்டுச்சி" என்பாள். அவள் குரலில் இருந்த நிம்மதி எனக்குக் கேட்கும்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று உண்டு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், அவரவர் மார்க்கை அவரவர் எழுதிவிட வேண்டும். நோட்டுப் புத்தகத்தின் இடது பக்கம் உனக்கு, வலது பக்கம் எனக்கு. இடது கையால் மறைத்துக்கொண்டு எழுத வேண்டும், பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி. நான் கப்பல் சரக்கு ஆபீசில் எழுதுகிறவன் என்பதால் எனக்குக் கிராணி என்று பேர் வைத்து, நோட்டை என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தாய்.

அந்தச் சட்டத்தை நான் மீறினேன். எப்போதிலிருந்து என்றும் எனக்குத் தெரியும். ஒரு தீபாவளிக்கு உன் வீட்டில் ஊர்ப்பட்ட கூட்டம். மல்லிகாவின் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டி, நல்ல சாக்லேட் ஒன்றையும் கேக்குக்கு மேலே ஊற்றும் மட்டமான சரக்கு ஒன்றையும் வாயில் வைத்தாய். நான் மாற்றிச் சொன்னேன். மட்டமானதற்கு ஒன்பது போட்டேன். வீடே சிரித்தது. "முப்பது வருஷ சிகரெட்டு. இவன் நாக்கு செருப்புத் தோலுடா" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அது எனக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது. ருசி தெரியாதவன் ருசி பார்க்க உட்கார்ந்திருக்கிறான் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கூசும். அதனால் உன் பேனாவைப் பார்க்கப் பழகினேன். கையால் மறைத்தாலும் பேனாவின் மேல்முனை ஆடுவது தெரியும். எட்டு என்றால் ஒரு சுற்று சுற்றி மேலே வரும். மூன்று என்றால் இரண்டு வெட்டு. நீ எழுதியதைப் பார்த்து ஒன்று கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவேன். "நாக்கு தேறிடுச்சிடா கிராணி" என்று நீ முதுகில் தட்டினாய். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அதை அடுத்து வந்த தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தாய். விரதம் முடிந்த பிறகும் கறி மீன் வேண்டாம் என்றாய். அவருக்கு முருகன் மேலே அவ்வளவு பக்தி வந்துவிட்டது என்று மல்லிகா பூரித்துப் போனாள். கால் வீங்குகிறது என்றாய், நாளெல்லாம் நின்று வேலை செய்தால் வீங்காதா என்றோம். பிறகு ஒரு சனிக்கிழமை, நம் இருவருக்கும் பிடித்த சிவப்புத் தாளைப் பிரித்து வாயில் வைத்தவன் அப்படியே நின்றாய். பேனா இரண்டு வெட்டு வெட்டியது. மூன்று. நான் வாயில் வைத்திருந்தது எப்போதும் போல நன்றாகத்தான் இருந்தது. எட்டு என்று எழுதத்தான் மனசு இருந்தது. மூன்று என்று எழுதினேன்.

"இரும்பு மாதிரி இருக்கு" என்றாய். முதலில் உன் கையைச் சந்தேகப்பட்டுப் பவுடர் சோப்பு போட்டுத் தேய்த்தாய். அடுத்த வாரம் வீட்டுக் குழாயைச் சந்தேகப்பட்டு, சமையலறை பைப்பை மொத்தமும் கழற்றிப் புதிதாக மாட்டினாய். மற்ற சாக்லேட்டுகளிலும் இரும்பு வர ஆரம்பித்தது. கம்பெனிக்காரன் எல்லாம் ஒரே இடத்தில் மட்டமான கொக்கோ வாங்குகிறான் என்று முடிவுக்கு வந்தோம். நான் தினமும் ஆபீசில் எழுதுகிற மலாயில், தாளில் இருந்த முகவரிக்குக் காரசாரமாக ஒரு கடுதாசி எழுதினேன். அவர்கள் மன்னிப்புக் கேட்டு ஒரு பெட்டி நிறையப் புதுச் சாக்லேட் அனுப்பினார்கள். அதிலும் இரும்பு என்றாய். உன் பேனா ஒரே ஒரு வட்டம் போட்டு நின்றது. நானும் பூஜ்யம் போட்டேன். பெட்டியைப் புளோக்குப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஒரு பிள்ளைகூட முகம் சுளிக்கவில்லை, இன்னொன்று கேட்டு வரிசையில் நின்றார்கள். அதை நாம் இருவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அன்றைக்குத்தான் நீ அதைக் கேட்டாய். பிள்ளைகள் போன பிறகு, வெறும் பெட்டியை மடித்துக்கொண்டே கேட்டாய்.

"டேய், என் வாய்தான் கெட்டுப்போச்சோ? கிளினிக்குல போய்க் காட்டலாமான்னு பாக்குறேன்."

நான் யோசித்திருக்கலாம். ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும், நீ போயிருப்பாய். ஆனால் எட்டு மாத மார்க் நோட்டில் இருந்தது. எனக்கு இரும்பு தெரியவில்லை என்று சொன்னால் அத்தனையும் காப்பியடித்தது என்று ஆகிவிடும். அதைவிட, என் நாக்குதான் செத்துவிட்டது, உனக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்று நானே நம்பினேன். செருப்புத் தோல் என்று மறுபடியும் நீ சிரிப்பாயோ என்று பயந்தேன். ஐம்பத்து மூன்று வயது எனக்கு அப்போது.

"எனக்குந்தான்டா தெரியுது. இரும்பேதான்" என்றேன்.

உன் முகம் தெளிந்தது. "அப்ப சரிலா. ரெண்டு பேரு வாயும் ஒண்ணாவா கெடும்?" என்றாய். கிளினிக் பேச்சு அதோடு போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு காருக்குக் கீழே மயங்கிக் கிடந்த உன்னை இழுத்து வெளியே எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த மலாய்ப் பெண் டாக்டர் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார். ரத்த அழுத்தமாம், சத்தமில்லாமல் வருஷக்கணக்காய் அரித்திருக்கிறதாம். வாயில் இரும்பு ருசி இருந்ததா என்று அவர்தான் கேட்டார். எத்தனை நாளாக என்றும் கேட்டார். முன்பே வந்திருந்தால் மருந்து கொடுத்துக் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்று, குற்றம் சொல்லாத குரலில், பேப்பரைப் பார்த்தபடி சொன்னார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

நீ என்ன செய்தாய் தெரியுமா? படுத்த படுக்கையில் என்னைக் கை காட்டினாய். உனக்கு வந்த பயம் உன்னைப் பற்றி இல்லை. "டாக்டர், இவனுக்கும் இரும்பு தெரியுது. இவனையும் பாருங்க" என்றாய். உனக்கு மலாய் தடுமாறும், அன்று தடுமாறவே இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். நீ விடவில்லை. மல்லிகாவையும் ஏவிவிட்டாய். அவள் தன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "போய்ட்டு வந்துருங்கண்ணே, அவரு இதே நெனப்பா இருக்காரு" என்றாள். போனேன். ரத்தம் கொடுத்தேன். அந்த ஊசி ஏறும்போது, என் கிட்னியும் கெட்டிருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். பொய் அல்ல, மனசாரத்தான் வேண்டினேன்.

கெடவில்லை. எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்ன பேப்பரை நீ கேட்டு வாங்கிப் பார்த்தாய். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தாய்.

"அப்ப ஒனக்கு இரும்பு?" என்றாய்.

"சாக்லட்டுலதான்டா இருந்திருக்கும்."

நீ பேப்பரை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாய். "நல்லவேளை" என்றாய். அதன் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் நிஜமா என்று தெரியாது.

வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போக ஆரம்பித்தாய். கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டது. தண்ணீருக்கே அளவு. சாக்லேட்டைத் தொடவே கூடாது என்று டயாலிசிஸ் சென்டரில் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியாமல் உன் வீட்டுச் சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீதான் வழி சொன்னாய். "நீ தின்னு. நா கேக்குறேன்" என்றாய்.

அப்படித்தான் கடைசி ஒன்றரை வருஷம் நடந்தது. நான் தின்பேன், நீ கேள்வி கேட்பாய். முதலில் எது வந்தது, பாலா கசப்பா? உப்பு இருக்கிறதா? விழுங்கின பிறகு தொண்டையில் என்ன நிற்கிறது? நான் பழைய வழக்கத்தில் உன் முகத்தைப் பார்ப்பேன். முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாய்: "தெரியறதச் சொல்லு. என் மூஞ்சியப் பாக்காத."

அப்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. நோட்டைப் புரட்டிப் பார்த்தாலே தெரியும், எத்தனை மாதமாக உன் மார்க்குக்குப் பின்னாலேயே என் மார்க் வந்திருக்கிறது என்று. ஆனால் நீ திட்டவில்லை. உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் ருசி சொல்லக் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்தது. பால் பவுடர் பழசானது தெரிந்தது. அண்ணத்தில் மெழுகு ஒட்டுவது நிஜமாகவே தெரிந்தது. ஒரு நாள் பச்சைத் தாளில் லேசாகச் சோப்பு வாசம் இருக்கிறது, கடைக்காரன் சோப்பு அடுக்குப் பக்கத்தில் வைத்திருப்பான் என்றேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். வீங்கின முகத்தில் கண் இரண்டும் கோடாகிவிட்டன. "பாத்தியா, நாக்கு இருக்குடா ஒனக்கு" என்றாய். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் நாக்கு செத்திருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு மிஞ்சியிருக்கும்.

அதற்கப்புறம்தான் நீ சிவப்புத் தாள் வாங்கி வரச் சொன்னாய். சாதாரணமாகத்தான் சொன்னாய், "அடுத்த வாரம் செவப்பு கொண்டா" என்று. நான் வெறும் கையோடு வந்து கடையில் இல்லை என்றேன். அடுத்த வாரமும் இல்லை என்றேன். மூன்றாம் தடவை நீ கேட்டபோது, அந்தக் கம்பெனியே நிறுத்திவிட்டது என்றேன். மினி மார்க்கெட்டில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே குவித்து வைத்திருந்தான். நீ சுவரைப் பார்த்தபடி "ம்" என்றாய். நீ கேட்டது சாக்லேட்டை இல்லை என்று எனக்குத் தெரியும். நானாகச் சொல்ல ஒரு வாசலைத் திறந்து வைத்தாய், மூன்று தடவை. மூன்று தடவையும் நான் உள்ளே வரவில்லை. நான்காவது சனிக்கிழமை வருவதற்குள் வியாழக்கிழமை நீ போய்விட்டாய்.

இந்த ஒரு வருஷத்தில் நான் யார் முகத்தையும் பார்த்து மார்க் போடுவதில்லை. ஆபீசில் நான்கு பேர் நன்றாக இருக்கிறது என்பதை எனக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்கிறேன். முசுடு ஆகிவிட்டான் என்கிறார்கள், இருக்கட்டும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நாக்கும் இந்த நோட்டும்தான். இரண்டும் எனக்குத் தாமதமாகத்தான் பயன்பட்டன.

நாளை படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு மல்லிகாவைத் தனியே உட்கார வைத்துச் சொல்லப் போகிறேன். பெட்டியை மடித்துக்கொண்டு நீ கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுவாளா தெரியாது. கூப்பிடாவிட்டால் அதுவும் நியாயம்தான். ஆனால் அவளுக்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும். கேட்டது நீ.

வெந்நீரால் வாய் கொப்பளித்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கண்ணை மூடி, ஒரு துண்டை அண்ணத்தில் அழுத்தி, முழுதும் கரையும் வரை கடிக்காமல் இருந்தேன். பிறகு நோட்டின் வலது பக்கத்தில், இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். மறைக்க இங்கே யாரும் இல்லை.

சிவப்புத் தாள். பால் தூக்கல். கொட்டை கொஞ்சம் பழசு. அண்ணத்தில் ஒட்டவில்லை. என் மார்க் எட்டு.

இரும்பு இல்லைடா. அன்றைக்கும் இல்லை.